மூலப்பிரதி யார் வீட்டில்?

உங்கள் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது?

பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் என்பீர்கள். அல்லது லோன் முடிகிறவரை பாங்க்கில். சரி, அது தொலைந்துபோனால்? பதற வேண்டாம். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் அதன் நகல் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரன் இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன். அசலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். நீங்கள் பிளேடால் சுரண்டி நான்கு சென்ட்டை ஐந்து சென்ட் ஆக்கினால் ஆபீஸ் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆபீசில் யாராவது விளையாடினால் உங்கள் பத்திரம் காட்டிக்கொடுக்கும்.

ஒரே பிரதி, ஒரே இடம் என்றிருந்தால் இது நடக்காது. அங்கே பிளேடு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நாலும் ஐந்தும்.

இந்த விவகாரத்தை நான் யோசிக்க நேர்ந்தது சமயநல்லூரில். தெரியுமில்லையா? மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், கூடல் நகர் தாண்டினால் அடுத்த ரயில்வே ஸ்டேஷன். அங்கே ஒரு மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். மதுரைக் கடைகளுக்கு பில் போடுகிற, ஸ்டாக் கணக்குப் பார்க்கிற புரோகிராம்கள். கீழே உரக்கடை. மாடிப்படி ஏறும்போதே பூச்சிமருந்து நெடி. வேறு வேலையாகப் போனவனை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, பஞ்சாயத்துச் சொல்லச் சொன்னார்கள்.

தகராறு இதுதான். எழுதுகிற புரோகிராமை, ஆதியிலிருந்து இன்றுவரை அதில் செய்த அத்தனை மாற்றங்களோடும், ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் வைப்பதா? இல்லை, ஐந்து பேர் லாப்டாப்பிலும் முழுசு முழுசாக வைப்பதா? மூத்த பார்ட்னர் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரே இடம் என்கிறார். இளையவருக்கு வயசு இருபத்தாறு. ஆளுக்கு ஒன்று என்கிறார்.

"இதுல என்ன சார் பஞ்சாயத்து? எது வசதியோ அதை வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று எழுந்திருக்க.

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு கல்யாணப் பத்திரிகை. பிரஸ்ஸில் கம்போஸ் பண்ணி அனுப்புகிறார்கள். பெண்ணின் அப்பா பார்த்து, பெரிய மாமா பேர் விட்டுப்போச்சு என்று சேர்த்து அனுப்புகிறார். அதே நேரம் பையன் வீட்டில், பழைய ஃபைலிலேயே மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் எம்.பி.ஏ. சேர்த்து அனுப்புகிறார்கள். பிரஸ்காரர் கடைசியாக வந்ததை அடிக்கிறார். எம்.பி.ஏ. வந்துவிட்டது, மாமா போய்விட்டார். பெரிய மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. இந்தச் சண்டை மூணு தலைமுறைக்கு ஓடும்.

ஒரே பத்திரிகையை இருபது பேர் தினம் தினம் திருத்தினால்? அதுதான் சாஃப்ட்வேர். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைத்து, வேண்டுமென்றால் போன தீபாவளிக்கு முந்தின நாள் இருந்த நிலைக்கே திரும்பிப் போகவும், இரண்டு பேர் திருத்தத்தை மோதாமல் சேர்க்கவும் ஒரு தனிப் புரோகிராம் வைத்துக்கொள்கிறார்கள். வெர்ஷன் கன்ட்ரோல் என்று பேர். பதிப்புக் காவல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் வந்தது 1972-ல், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில். 1982 வாக்கில் அதன் தம்பி. இவற்றில் பூட்டு முறை. ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால் பூட்டிவிடுவீர்கள். நீங்கள் திறக்கும்வரை மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். பூட்டினவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டால் அவ்வளவுதான். அப்புறம் பூட்டில்லாமல் எல்லோரும் எடுத்துத் திருத்திச் சேர்க்கிற சி.வி.எஸ். வந்தது. 2000-ல் அதன் திருந்திய வடிவமாக சப்வெர்ஷன். பூட்டு போனாலும் பெட்டி ஒன்றுதான். சரித்திரம் முழுக்க சர்வரில். உங்கள் கையில் இருப்பது இன்றைய பக்கம் மட்டும். நேற்று என்ன இருந்தது என்று கேட்க சர்வரிடம்தான் போகவேண்டும். கரன்ட் போனாலோ நெட் போனாலோ சர்வர் பேசாது.

(கரன்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2001 வாக்கில் இதே சமயநல்லூரில் 106 மெகாவாட் தனியார் மின் நிலையம் ஒன்று வந்தது. 2012-ல் தமிழ்நாடு பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தபோது இந்த ஊர்க்காரர்களும் விசிறிமட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் உற்பத்தியாகிற கரன்ட் ஊருக்கு அல்ல. கிரிட்டுக்குப் போய், அங்கிருந்து பங்கு வைத்தபடி திரும்பி வரவேண்டும். மையம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.)

ஆளுக்கு ஒரு முழுப்பிரதி என்கிற முறையைப் பிரபலமாக்கியது ஒரு கோபம். லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனியின் புரோகிராமை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். அதுவே ஆளுக்கொரு பிரதி முறைதான். ஆனால் அனுமதி மட்டும் கம்பெனி கையில். 2005-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர், அந்தப் புரோகிராமோடு பேச இன்னொரு புரோகிராம் எழுதப் போக, கம்பெனி கோபித்துக்கொண்டு இலவசத்தை நிறுத்திவிட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, ஒருவர் முகம் சுளித்ததும் நின்றது. ஏப்ரல் 3-ம் தேதி டோர்வால்ட்ஸ் தானே ஒன்று எழுத உட்கார்ந்தார். 7-ம் தேதி அது தன்னுடைய சரித்திரத்தைத் தானே காக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஜூனில் லினக்ஸின் அடுத்த பதிப்பே அதில் வந்தது. பேர் கிட். இங்கிலீஷ் கொச்சையில் உதவாக்கரை என்கிற மாதிரி அர்த்தம். என் பேரைத்தான் வைத்திருக்கிறேன் என்று ஜோக் அடித்தார்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நான் பி.காம். படித்தவன். பிரதிகளைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

மாசக் கடைசியில் பாங்க் ரிகன்ஸிலியேஷன் என்று ஒன்று போடுவோம். கம்பெனியின் கேஷ் புக்கில் ஒரு பாக்கி. பாங்க்கின் பாஸ் புக்கில் ஒரு பாக்கி. இரண்டும் ஒத்துப்போகாது, எப்போதுமே போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று வரி வரியாகத் தேடுவதுதான் வேலை. முதல் வருஷத்தில் இது வெட்டிவேலை என்று தோன்றும். அனுபவம் வந்தபிறகுதான் தெரியும், கேஷியர் கைவைத்ததைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை என்று. இரண்டு புத்தகமும் ஒரே ஆளிடம் இருந்தால் எல்லாம் ரொம்ப அழகாக ஒத்துப்போகும்!

2003 நவம்பரில் லினக்ஸுக்கு இதேதான் நடந்தது. அப்போது மூலம் பிட்கீப்பரில். (மூலம் என்றால் மதுரையில் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். மூலப்பிரதி.) அது பிடிக்காதவர்களுக்காக சி.வி.எஸ்.ஸில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். நகல் இருந்த சர்வருக்குள் எவனோ புகுந்து இரண்டே வரி சேர்த்துவிட்டான். பார்த்தால் ரொம்ப சாதுவான வரிகள். 'இந்த ஆள் முதலாளியா?' என்று கேட்பதுபோல இருக்கும். அந்த மொழியில் கேள்வி கேட்க இரண்டு சமக்குறி போடவேண்டும். ஒன்று மட்டும் போட்டால் அது கேள்வி அல்ல, உத்தரவு: 'இந்த ஆளை முதலாளி ஆக்கு!' ஒரு சமக்குறி குறைந்ததில் உலகத்து லினக்ஸ் மெஷின்களுக்கெல்லாம் கள்ளச்சாவி. அடுத்த பதிப்புக்குள் போயிருந்தால் பாங்க், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்துத்தான்.

பிடிபட்டது எப்படி? மூலத்தோடு நகல் ஒத்துப்போகவில்லை. ரிகன்ஸிலியேஷன்! செய்தவன் யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை.

கிட் இந்த ஒப்பிடும் வேலையை இன்னும் சுலபமாக்கிவிட்டது. சரித்திரத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கைரேகை மாதிரி நாற்பது எழுத்து எண். அந்தக் கைரேகைக்குள் அதற்கு முந்தின கைரேகையும் அடக்கம். பழசில் ஒரு கமா மாறினால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனை எண்ணும் மாறிவிடும். 2011 ஆகஸ்டில் லினக்ஸின் தலைமைச் சர்வருக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டது தெரியவந்தது. அவர்கள் சுத்தம் செய்ய சர்வரை இழுத்துப் பூட்டினார்களே தவிர, கோட் கெட்டிருக்குமோ என்று தலையில் கைவைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் அதே கைரேகைகள் இருந்தன.

இதைச் சொன்னவுடன் இளைய பார்ட்னர், "பாத்தீங்களாண்ணே!" என்று மூத்தவரைப் பார்த்துச் சிரித்தார். மூத்தவர் அசரவில்லை. அவர் சொன்னதற்குப் பின்னால் வருகிறேன்.

நம் ஊரில் ஆளுக்கொரு பிரதி என்பது 2005-ல் வந்ததா? ஓலைச்சுவடி வேறென்ன? ஒரு ஓலை சில நூறு வருஷம் தாங்கினால் அதிகம். அதற்குள் இன்னொருவர் பார்த்து எழுதவேண்டும். எழுதுகிறவர் தூங்கி வழிவார். புள்ளி இல்லாத எழுத்தை வேறு மாதிரி படிப்பார். புரியாத வார்த்தைக்குத் தனக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டுவிடுவார். மடத்தில் ஒரு மாதிரி, கவிராயர் வீட்டில் ஒரு மாதிரி. சாஃப்ட்வேர்காரர்கள் இதைக் கிளை என்கிறார்கள். தமிழ்ப் பண்டிதர்கள் பாடபேதம் என்றார்கள்.

உ.வே.சாமிநாதையர் செய்ததை ஒரு சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்தில் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். 1887-ல் அது அச்சில் வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அவர் செய்தது இதுதான்: எங்கெங்கே சுவடி உண்டோ அங்கெல்லாம் போவது, கெஞ்சுவது, வாங்குவது, ஒன்றோடொன்று வைத்து வரிவரியாக ஒப்பிடுவது. புறநானூறு 1894-ல். மணிமேகலை 1898-ல். ஒரு சர்வர் கிடையாது. ஆனாலும் கிடைத்தது. காரணம், பிரதிகள் சிதறிக் கிடந்தன.

சிதறாதவை? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு அவர் சுவடி தேடிப் போன கதையைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த வரலாறு 1940-லிருந்து விகடனில் தொடராக வந்தது. பாண்டியர் காலத்துச் சுவடிகள் அங்கே உண்டென்று கேள்விப்பட்டுப் போனால், பழசாகிவிட்டது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்களாம். ஆகமத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறதாம். யாரும் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. ஒரே இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்காரருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவ்வளவுதான்.

வேண்டுமென்றே செய்ததும் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 விடிகிறபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் சுவடிகளும். அச்சடித்த புத்தகங்களுக்கு உலகத்தில் எங்கேயாவது இன்னொரு பிரதி இருக்கும். ஓலைக்கும் கையெழுத்துக்கும்? ஒரு சமூகத்தின் ஞாபகத்தை அழிக்க நினைக்கிறவன் முதலில் கேட்கிற கேள்வியும் இதுதான்: எல்லாம் ஒரே கட்டடத்திலா இருக்கிறது? மகிழ்ச்சி.

1998 பொங்கல் அன்று ஆரம்பித்த மதுரைத் திட்டம் இதற்கு நேர் எதிர். ஒருங்கிணைத்த முனைவர் கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். தட்டச்சு செய்தவர்கள் நாடு நாடாகச் சிதறியிருந்தார்கள். பெயர் மட்டும்தான் மதுரை. திருக்குறளில் தொடங்கிய அந்தப் பிரதிகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பரப்பலாம். இனி அதைக் கொளுத்த எத்தனை நெருப்புப்பெட்டி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் தீர்ப்பு சுலபம் என்று நினைப்பீர்கள். மூத்த பார்ட்னர் அப்போது சொன்னது: "சார், நீங்க சொல்றதெல்லாம் சரி. போன வருஷம் எங்ககூட இருந்த ஒருத்தன் அப்படியே லாப்டாப்போட போய் எதிர்க்கம்பெனில சேந்துட்டான். எங்க அஞ்சு வருஷ உழைப்பு அவன் பையில இருக்கு. சுவடி காணாமப் போச்சேன்னு அய்யர் அழுதாரு. எனக்குக் காணாமப் போகல சார். எல்லாரு கைலயும் இருக்கேன்னு அழுகை."

இதுதான் பஞ்சாயத்தின் நிஜமான விஷயம். தொலைந்துவிடுமோ என்று ஒருவருக்குப் பயம். பரவிவிடுமோ என்று ஒருவருக்குப் பயம். இரண்டும் நியாயமான பயம்தான்.

இளையவர் பதில் வைத்திருந்தார். "அண்ணே, சர்வர்ல வெச்சிருந்தாலும் அவன் வேலை பாக்க இன்னைக்குத் தேதி கோட் அவன் மெஷின்ல இருந்துதானேண்ணே ஆகணும்? திருடறவனுக்கு அது போதாதா? நாலு வருஷத்துப் பழசை வெச்சு அவன் என்ன பண்ணப் போறான்?" சரியான கேள்வி. ஒரே பெட்டி முறை திருட்டைத் தடுக்கிறது என்பது பாதி மாயை. ஆனால் பாதிதான். ஒரு தடவை தவறிப்போய் கோட்டுக்குள் ஒரு பாஸ்வேர்டை எழுதிச் சேர்த்துவிட்டால், ஆளுக்கொரு பிரதி முறையில் அது ஐந்து சரித்திரத்திலும் உட்கார்ந்துவிடும். அடுத்த நாள் அழித்தாலும் முந்தின நாளில் இருக்கும். சர்வர் ஒன்றே என்றால் ஓர் ஆள் உட்கார்ந்து துடைத்துவிடலாம். திரும்பப் பெறுவது என்கிற ஒன்று, பரவிய இடத்தில் கிடையாது.

மதுரைப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். ஸ்காட் என்று ஒரு வெள்ளைக்காரர் குறளில் எதுகை மோனை சரியில்லை என்று தானே 'திருத்தி' அச்சடித்தாராம். 1901-ல் நான்காம் தமிழ்ச்சங்கத்தை ஏற்படுத்திய பாண்டித்துரைத் தேவர் காதுக்கு விஷயம் வந்தது. மனுஷன் வாதம் பண்ணவில்லை. இருந்த பிரதி அத்தனையையும் காசு கொடுத்து வாங்கிக் கொளுத்திவிட்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் காலத்தில் அது முடியும். இன்றைக்கு அப்படிப்பட்ட குறள் வெளிவந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேவர் கிளம்பினால், எந்த ஊரில் எந்த மெஷினைக் கொளுத்துவார்?

சுவடியைக் காப்பாற்றுகிற அதே குணம்தான் குப்பையையும் காப்பாற்றுகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பெரிய கம்பெனிகள் முட்டாள்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில், தன் கோட் பெரும்பாலும் ஒரே மைய சேமிப்பில்தான் இருக்கிறது என்றது. நூறு கோடி ஃபைல்கள், 86 டெராபைட். அதை ஆளுக்கொரு பிரதி எடுத்து லாப்டாப்பில் சுமக்க முடியுமா? மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸையே கிட்டுக்கு மாற்றியது. 300 ஜிபி. தாங்காமல், தேவைப்படுகிற ஃபைலை மட்டும் அவ்வப்போது இறக்குகிற மாதிரி தனி ஏற்பாடு செய்தார்கள். ஊரளவு வேறு, வீட்டளவு வேறு. சமயநல்லூர் மாடிக்கு இந்தக் கவலை கிடையாது.

பிரதிகள் நிறைய இருந்தால் போதும் என்பதும் ஏமாற்று. 2013 மார்ச்சில் கே.டி.ஈ. என்ற பெரிய இலவச சாஃப்ட்வேர் திட்டத்தில் தலைமைச் சர்வரின் டிஸ்க் கெட்டுப்போனது. உலகம் முழுக்க அதற்கு நகல் சர்வர்கள். எல்லாம் வெகு விசுவாசமாக, தலைமை கெட்டதை அப்படியே நகலெடுத்துத் தாங்களும் கெட்டுப்போயின! 1500 சேமிப்புகள் வரை அம்போவென்று போயிருக்கும். தற்செயலாக ஒரு சர்வரில் பழைய நல்ல பிரதி தப்பியிருந்தது. தலைமை எது சொன்னாலும் தலையாட்டுகிற பத்துப் பிரதி, கணக்கில் ஒரே பிரதிதான். இதை நான் சாஃப்ட்வேருக்கு மட்டும் சொல்லவில்லை; நீங்கள் எங்கே பொருத்திக்கொண்டாலும் சரி.

சரி, ஐந்து பேரிடமும் ஐந்து முழுப்பிரதி. இரண்டு வேறுபட்டால் எது நிஜம்? இங்கேதான் இளையவர் கொஞ்சம் திணறினார். "அதான் ஒத்துமையாப் பேசி..." என்றார். தம்பி, ஒத்துமையாகப் பேசி முடிகிற விஷயமாக இருந்தால் கிராமத்தில் கர்ணம் எதற்கு இருந்தார்?

வயசானவர்களைக் கேளுங்கள். கிராமத்தின் நிலக் கணக்கெல்லாம் கர்ணம் வீட்டில் இருக்கும். பரம்பரைப் பதவி. யார் வயல், எவ்வளவு, என்ன பயிர், எல்லாம் அவர் நோட்டில். அவர் வீட்டுத் திண்ணையில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் கும்பிட்டது கர்ணத்தை அல்ல, அந்த நோட்டை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தது. சுப்ரீம் கோர்ட்வரை போய் 1982-ல் அது நிலைத்தது. பிறகு வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். நோட்டு கைமாறியது, பரம்பரை போனது. மூலப்பிரதி யார் வீட்டில் என்பது வெறும் சேமிப்புப் பிரச்னையாக இருந்திருந்தால், அதற்கு ஒரு அவசரச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

கிட்டின் உண்மையான விசேஷம் இங்கே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கையில் இருப்பதையும் அதிகாரத்தையும் அது பிரித்துவிட்டது. லினக்ஸின் முழுப்பிரதி உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். டோர்வால்ட்ஸ் பிரதி எந்த விதத்திலும் உசத்தி இல்லை. ஆனாலும் அவர் சேர்த்துக்கொண்டதைத்தான் லினக்ஸ் என்கிறோம். அவர் பூட்டு வைத்திருப்பதால் அல்ல. நாளைக்கே அவர் கோணலாகப் போனால் எல்லோரும் தங்கள் பிரதியோடு வேறொருவர் பின்னால் போய்விட முடியும். அது அவருக்கும் தெரியும். சாமிநாதையர் பதிப்பு நின்றதும் அப்படித்தான். வேறு பாடங்களை மறைக்காமல் அடிக்குறிப்பில் போட்டார். என் முடிவு பிடிக்கவில்லையா, இதோ மற்றது, நீயே பார். கர்ணம் அப்படி நோட்டைத் திறந்து காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. மனிதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவ்வளவு சுதந்திரத்தையும் கையில் கொடுத்தால், எல்லோரும் 2008-ல் தொடங்கிய கிட்ஹப் என்ற ஒரே கம்பெனியிடம் போய்க் கொட்டினார்கள். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டத்தைச் சொல்லி ஈரான், சிரியா, கிரிமியாக்காரர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தினார்கள். ஈரானுக்கு மட்டும் 2021 ஜனவரியில்தான் உரிமம் வாங்கித் திறந்துவிட்டார்கள். அவர்கள் கோட் தொலையவில்லை. லாப்டாப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசிய பேச்சு, பிழைப் பட்டியல், கூட வேலை செய்த மனிதர்களோடு தொடர்பு, இதெல்லாம் அங்கே. பிரதியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, திண்ணையை மட்டும் ஒருவரிடம் விட்டுவிட்டார்கள். ஆக, திண்ணை யாருடையது என்றும் கேட்டுவைப்பது நல்லது.

கடைசியாக ஒரு விஷயத்தில் எனக்கும் இளையவருக்கும் நேரடியாகவே ஒத்துப்போகவில்லை. கிட்டில் சரித்திரத்தைத் திருத்தி எழுதலாம். நாலு தடவை தப்புத் தப்பாகச் செய்து ஐந்தாவதில் சரியாக வந்ததை, முதல் தடவையே சரியாகச் செய்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பி.காம். வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுத்திருப்பார். பேரேட்டில் அழிக்கவே கூடாது. தப்பானால் தப்பென்று எழுதித் திருத்தப் பதிவு போடவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அணைக்க முடியாதபடி ஓடியே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதே சட்டத்துக்காக இவர்களும் புரோகிராம் எழுதுகிறார்கள். கடைக்காரனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?

இளையவர் சொன்னார்: "சார், ரஃப் நோட்டையும் ஆடிட்டர்கிட்ட காட்டுவீங்களா?"

யோசித்தேன். மாட்டோம். நானும் ஒவ்வொரு வாரமும் கிழித்துப்போடுகிற பக்கங்களை உங்களிடம் காட்டுவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் தப்புச் செய்து திருத்திக்கொள்கிற உரிமை இல்லாமல் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. ஒரே சர்வர் முறையில் ஒவ்வொரு தப்பும் உடனே ஊருக்குத் தெரியும். அதனாலேயே புதுப்பையன்கள் பயந்து மூன்று நாள் வேலையைச் சேர்க்காமல் வைத்திருப்பார்கள் என்று மூத்தவரே ஒப்புக்கொண்டார். ஆக, கோடு எங்கே? இன்னொருவர் கைக்குப் போகிறவரை அது ரஃப் நோட்டு. போனபின் பேரேடு. கிட்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற மரபும் இதுதானாம். நான் இதற்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கோட்டை மெஷின் காக்காது, அவரவர்தான் காக்கவேண்டும் என்பதில் எனக்குள்ள உறுத்தல் போகவில்லை.

கிட்டில் ஒரு வரியை யார் எழுதினார் என்று கேட்கிற கட்டளைக்குப் பேரே 'ப்ளேம்', அதாவது பழி. (சப்வெர்ஷனில் அதே கட்டளையைப் 'ப்ரெய்ஸ்', பாராட்டு, என்று கொடுத்தாலும் வேலை செய்யும். பெட்டி ஒன்றானாலும் மரியாதை தெரிந்தவர்கள்.) ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு இளையவர் ஒரு ஜி.எஸ்.டி. கணக்குப் பிழையைத் தேடிப் பிடித்துச் சரிபண்ணி, கூடவே குறிப்பும் எழுதிச் சேர்த்திருக்கிறார்: 'எந்த மடையன் எழுதினது இது.' பழி கேட்டால் மூத்தவர் பேர் வந்தது. விடிவதற்குள் மற்ற நாலு லாப்டாப்பிலும் அது இறங்கிவிட்டது.

துடைக்கலாம். ஐந்து பேரும் தங்கள் சரித்திரத்தை மாற்ற ஒப்புக்கொள்ளவேண்டும். இளையவர் தலையைக் குனிந்துகொண்டு, "மாத்திரலாம்ணே, அரை மணி நேர வேலைதான்" என்றார்.

மூத்தவர் டீ கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்தார். "பிழை என்னுதுதானேடா? இருந்துட்டுப் போகுது" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஆனா சார், சேர்க்கிறது மட்டும் நான் பாத்துத்தான் சேர்ப்பேன். அதுல மாத்தம் இல்லை" என்றார்.